நாய்க்குக் கேன் தண்ணீர்

எங்கள் ஊரில் காரணம் இல்லாமல் யாரும் நடப்பதில்லை. கடலுக்குப் போகிறவர்கள் நடப்பார்கள், தண்ணீருக்குப் போகிறவர்கள் நடப்பார்கள், விறகுக்கும் ஆட்டுக்கும் நடப்பார்கள். கையில் குடமோ வலையோ அரிவாளோ இல்லாமல் ஒருத்தி ஒற்றையடிப் பாதையில் போனால், எதிரில் வருகிறவர் நின்று "எங்கே டீச்சர்?" என்று கேட்காமல் விடமாட்டார். "சும்மாதான்" என்று சொன்னால் அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சென்ற புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரை தினமும் காலை ஐந்தரை மணிக்கு நான் ஒரு செவலை நாயின் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். "நாயைக் கூட்டிக்கொண்டு எங்கே டீச்சர்?" "அதற்கு உடம்பு சரியில்லை." "அப்படியென்றால் படுக்க விட வேண்டியதுதானே?" இந்த இரண்டாவது கேள்விக்கு என்னிடம் இன்றுவரை நல்ல பதில் இல்லை. அதையாவது விட்டுவிடலாம். அம்மா சொன்ன ஒரு வார்த்தையும் அதற்கு நான் கொடுத்த பதிலும்தான் இன்னும் காலில் தைத்த உடைமுள்ளாகக் கிடக்கின்றன.

செவலைக்கு வயது பதினொன்று. 2014-இல் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வத்தைப் படகின் அடியில் நாலு குட்டிகள் கிடந்தன. மூன்றை யார் யாரோ எடுத்துப் போனார்கள். மிஞ்சியது எங்கள் வீட்டுக்கு வந்தது. என்ன ஜாதி நாய் என்று கேட்பவர்களுக்கு "கரைநாய்" என்று சொல்வேன். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் ஊர் நாய்களின் பெருமை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல் தலையே வந்தது. கரைநாய்க்குக் கிடைத்த தலையெல்லாம் சூடை மீன் தலைதான். அதைத் தின்றே வளர்ந்தது. நண்டு வளைக்குள் மூக்கை விட்டுக் கடி வாங்கும், அலறும், அடுத்த வளைக்குப் போகும். கழுத்தில் கயிறு ஏறியதே இல்லை. மதுரையிலிருந்து வரும் என் தம்பி பிள்ளைகள் நாங்கள் கிளம்புவதைப் பார்த்து "அத்தை வாக்கிங் போகிறார்கள்" என்று சிரிப்பார்கள். கயிறு இல்லாமல் முன்னே ஒரு நாயும் பின்னே ஒரு கணக்கு டீச்சரும் போனால், யார் யாரைக் கூட்டிப் போகிறார்கள் என்று சொல்வது கடினம்தான்.

ஆவணியில் அது அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. ஆவணி வெயிலில் யாருக்குத்தான் தாகம் எடுக்காது என்று விட்டுவிட்டேன். ஆட்டுத் தொட்டியில் குடித்தது, துணி ஊறவைத்த வாளியில் குடித்தது, பாத்திரம் கழுவிய தண்ணீரில் வாய் வைத்தது. பதினொரு வருடத்தில் ஒருமுறைகூட வீட்டுக்குள் அசிங்கம் செய்யாத நாய், இரவில் திண்ணையை நனைத்துவிட்டு, விடிந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. உடம்பு வற்றியது. வாயில் ஒரு நவச்சார நெடி. ராமநாதபுரத்துக்கு ஆட்டோ வைத்துக் கொண்டு போனேன். மருத்துவர் இளைஞர், நிதானமானவர். ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 6.8 என்று வந்தது. ஒன்றரைக்குள் இருக்க வேண்டியது, ஐந்தைத் தாண்டினாலே கடைசி நிலை என்றார். நாயின் சிறுநீரகம் மூன்றில் இரண்டு பங்கு கெடும் வரை வெளியே ஒன்றும் காட்டாதாம். மிச்சமிருக்கும் துண்டால் சிறுநீரைச் சுண்டவைக்க முடியாது. உள்ளே போகிற தண்ணீர் அப்படியே வெளியே ஓடும். அதை ஈடுகட்டத்தான் அது விடாமல் குடிக்கிறது. "டீச்சர், எதை மறந்தாலும் தண்ணீரை மறக்காதீர்கள். கிண்ணம் எந்நேரமும் நிறைந்திருக்க வேண்டும். உங்கள் பக்கத்து உவர்த் தண்ணீர் வேண்டாம், நல்ல தண்ணீராகக் கொடுங்கள். கருவாடு, மீன் தலை எல்லாம் நிறுத்திவிடுங்கள்." வலியில்லாமல் முடித்துவைக்கும் ஊசியைப் பற்றியும் ஒரு வரி சொன்னார், வற்புறுத்தவில்லை. அந்த ஊசியைப் பற்றி எனக்குத் திட்டமான கருத்து எதுவும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

நான்கு வகைத் தண்ணீர்

நல்ல தண்ணீர் என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் நான்கு வகைத் தண்ணீர் உண்டு. ஆழ்துளைக் கிணற்றில் வரும் உவர், குளிக்கவும் துவைக்கவும். சோப்பு நுரைக்காது, தலைமுடி கயிறாகும். குழாயில் வாரம் ஒருநாள் வருவது, பாத்திரத்துக்கும் உலைக்கும். மழை பெய்தால் ஓட்டுத் தாழ்வாரத்தில் வேட்டியைக் கட்டி அம்மா அண்டாவில் பிடித்து வைப்பது, பருப்பு வேகவைக்க. குடிக்கக் கேன். ஒவ்வொன்றுக்கும் தனிப் பாத்திரம், தனிச் செம்பு. ஒன்றில் முக்கிய செம்பை இன்னொன்றில் முக்கினால் அது எங்கள் வீட்டில் கொலைக் குற்றத்துக்குச் சற்றுக் கீழே. கடல் ஒருபுறம் கண்ணுக்கெட்டியவரை கிடக்கிறது. மறுபுறம் வைகை எங்கள் மாவட்டத்துக்குள் வந்து பெரிய கண்மாயோடு பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அதிகாரிகளைப் பயமுறுத்த "தண்ணீர் இல்லாத காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்று சொல்வார்களே, அந்தக் காடு நாங்கள்தான். அந்த வசனத்துக்குச் சிரிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்டிலேயே பிறந்தவர்கள் எதற்குத் தண்டனை அனுபவிக்கிறோம் என்று கேட்கத் தோன்றும்; கேட்டதில்லை.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. ஆறு குடம் வைக்கிற தள்ளுவண்டி வருவதற்கு முந்தைய தலைமுறை. இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. வலது இடுப்பு எலும்புக்கு மேல் அவளுக்கு ஒரு காய்ப்பு உண்டு. சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எல்லா அம்மாக்களுக்கும் இடுப்பில் இப்படி ஒன்று இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

நாய்க்கு நாளைக்கு இரண்டரை லிட்டர் போயிற்று. வாரத்துக்குப் பதினேழரை லிட்டர், ஏறக்குறைய ஒரு கேன். கேன் முப்பத்தைந்து ரூபாய். மாதத்துக்கு நூற்று நாற்பது. கேன் வண்டி ஓட்டி வரும் தம்பியிடம் இனி வாரத்துக்கு இரண்டுக்குப் பதில் மூன்று இறக்கச் சொன்னேன். இந்தக் கணக்கை அம்மாவிடம் பலமுறை போட்டுக் காட்டினேன். சொந்தக் காசு, சொந்தச் சம்பளம், ஒரு புடவை விலைகூட இல்லை. அவள் கணக்கைக் கேட்டுக்கொள்வாள். பிறகு நான் கேனைச் சாய்த்து நாயின் கிண்ணத்தில் ஊற்றும்போது சரியாக அந்த இடத்தில் வந்து நின்று, தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போவாள். மருந்தை அவள் குறை சொல்லவில்லை. சுவாமி படக் காலண்டரின் ஆணியில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல் பாட்டிலைத் தொங்கவிட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் நாயின் தோலுக்கடியில் இருநூறு மில்லி ஏற்றுவேன். தோலுக்குள் தண்ணீர் திரண்டு ஒட்டகத் திமில் போல நிற்கும்; கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கத் தோளுக்குச் சரியும். "உப்பு ஆகாது என்று சொன்ன டாக்டர் உப்புத் தண்ணீரைத்தானே ஏற்றச் சொல்லியிருக்கிறார்" என்று கேலி செய்தாள். நாயின் தலையைப் பிடித்துக்கொண்டவளும் அவள்தான். ஊசி, ஆட்டோ, பரிசோதனை என்று ஆயிரக்கணக்கில் போன எதற்கும் முகம் சுளிக்காதவள், கேனுக்கு மட்டும் சுளித்தாள்.

புரட்டாசி கடைசியில் ஒரு சாயங்காலம் அந்தச் சுளிப்பு வெளியே வந்தது. கிண்ணத்தில் ஊற்றினேன். நாய் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் காலால் இடறிக் கவிழ்த்துவிட்டது. மறுபடி ஊற்றினேன். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "ஒரு குடத்துக்காக ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போய் மணலில் உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு நாய்க்குக் கேன் தண்ணீர்."

அன்று பள்ளியில் எனக்குக் காலாண்டு விடைத்தாள் தொல்லை. நான் சொன்னேன்: "உனக்குக் கிடைக்காதது யாருக்கும் கிடைக்கக் கூடாதா அம்மா?"

டீச்சர்களுக்கு வாய்க்கிற பதில் இது. எதிராளியை உட்காரவைத்துவிடும், பெஞ்சு அமைதியாகிவிடும். அம்மா கீரையை முறத்தோடு தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அந்தக் கிண்ணம் இருந்த பக்கமே அவள் பார்க்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன், அப்படி நினைத்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பூவரசு வரை

மருத்துவர் நடக்கச் சொல்லவில்லை. "அதாக எழுந்து வந்தால் கூட்டிப் போங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள்" என்றார். அது வந்தது. ஐந்தரைக்கு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தது. வீட்டிலிருந்து கரைக்கு என் காலடிக்கு ஆயிரத்து நூறு. மரைக்காயர் தோப்பின் முள்வேலி ஓரமாகப் போய், பனங்கிழங்குப் பாத்திகளைக் கடந்து, மிளகாய் நாற்று விட்ட ஒரு துண்டு நிலத்தைச் சுற்றிக்கொண்டு, ஒற்றைப் பூவரசு மரம், பிறகு மணல்மேடு, இறங்கினால் கடல். பூவரசு ஏறத்தாழ பாதிவழி. புரட்டாசியில் கரைவரை போனோம். பிறகு மணல்மேடு, பிறகு பூவரசு. ஒவ்வொரு வாரமும் கடல் கொஞ்சம் தள்ளிப் போனது.

வெளியூர்க் காலண்டர்களில் இந்த மாதங்களுக்கு மஞ்சள் இலை உதிர்கிற படம் போட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் ஐப்பசியில் எதுவும் உதிர்வதில்லை. எட்டு மாதம் மண்ணுக்குள் மூச்சைப் பிடித்துக் கிடந்ததெல்லாம் வெளியே வருகிறது. வருடத்து மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பவர்களுக்கு முதல் மழை விழுந்த மறுநாள் முகமே வேறாக இருக்கும். சித்திரையிலிருந்து ஊதித் தள்ளிய கச்சான் காற்று ஓய்ந்து வாடை திரும்பும். வாடை எங்களுக்கு நிலத்துப் பக்கமிருந்து வருவதால், பாக் நீரிணைப் பக்கத்து வடகடல் கொந்தளிக்கும்போது எங்கள் பக்கத்துத் தென்கடல் குளம் போலக் கிடக்கும். தெளிந்த காலையில் மணல்மேட்டில் நின்றால் தீவு ஒன்று அடிவானத்தில் மைக்கோடாகத் தெரியும். மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளில் நான் பிறந்ததிலிருந்து பார்ப்பது அந்த ஒரு கோட்டைத்தான், ஒருநாளும் போனதில்லை. சீமைக் கருவேலக் காட்டுக்குள் எங்கோ கரிமூட்டம் புகைந்துகொண்டிருக்கும். வாடையில் அந்தப் புகை கடலைப் பார்த்துப் போகும். இதையெல்லாம் நான் சிறுவயதிலிருந்து பார்க்கிறவள் என்றாலும், நின்று பார்த்தது இந்த வருடம்தான். இருபது அடிக்கு ஒருமுறை உட்கார்ந்துவிடுகிற ஒரு ஜீவனோடு போனால் வேறென்ன செய்வது?

முதல் மழைக்கு மறுநாள் தம்பலப்பூச்சிகள் வந்திருந்தன. ஈரமண்ணில் சிவப்புப் பட்டுத் துணியைப் பொட்டுப் பொட்டாக வெட்டிப் போட்டது போல. போன வருடம்வரை செவலை ஒவ்வொன்றையும் முகர்ந்து தும்மும். இந்த வருடம் பூவரசின் கீழ் முன்னங்காலில் முகத்தை வைத்துப் படுத்து, மூக்குக்கு ஒரு சாண் தள்ளி ஊர்ந்துபோன பூச்சியைக் கண்ணால் மட்டும் பின்தொடர்ந்தது. பூச்சி புல்லுக்குள் மறைந்த பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. தீபாவளியன்று வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் ஓடி ஒளியவில்லை. பதினொரு தீபாவளிகளாக ஓடிய நாய். அதுதான் எனக்கு ரத்தப் பரிசோதனையைவிடப் பயமாக இருந்தது.

தண்ணீரைச் சொல்ல வந்தவள் பூச்சிக்குப் போய்விட்டேன். தீபாவளிக்குத் தம்பி குடும்பத்தோடு வந்தான். நாலு பேர், மூன்று நாள். நகரத்துப் பிள்ளைகள் ஒரு டம்ளர் மொண்டு பாதியைக் குடித்துவிட்டு மீதியை முற்றத்தில் வீசுவார்கள். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேரப்பிள்ளைகள்! அண்டா மழைத்தண்ணீர் பலகாரத்துக்குத் தீர்ந்தது, மூன்று கேனும் காலி. கேன் நிரப்பும் இடத்தில் ஆட்களெல்லாம் ஊருக்குப் போய்விட்டதால் நாலு நாளைக்கு வண்டி வராது என்று கேன் வண்டித் தம்பி போனில் சொல்லிவிட்டார். குழாய்க்கு இன்னும் மூன்று நாள். எங்கள் இரண்டு பேருக்கு எதிர்வீட்டில் ஒரு குடம் கொடுத்தார்கள். தீபாவளிக்கு மூன்றாம் நாள் விடிகாலை கிண்ணம் காய்ந்து கிடந்தது. உவர்த் தண்ணீரை ஊற்றினேன். செவலை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தது, குடித்தது, ஐந்தாவது நிமிடம் எல்லாவற்றையும் கக்கியது. இன்னொரு செம்பு எதிர்வீட்டில் கேட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

"நாய்க்கென்று போய் எவளிடம் கேட்பாய்?" என்றாள் அம்மா. பிறகு, "கொட்டாங்கச்சி இரண்டு எடு. சின்னக் குடத்தையும் எடு."

ஊற்று

அம்மா ஊற்றுத் தோண்டி இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். முழங்கால் தேய்ந்தவள், கோயிலுக்கே ஆட்டோவில் போகிறவள். அன்று அவளும் நாயும் ஒரே நடை நடந்தார்கள். நாய் உட்காரும் இடத்தில் அவளும் நின்றாள். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடத்தில் நாயும் படுத்தது. நான் குடத்தோடு முன்னே போய்ப் போய்த் திரும்பி வந்தேன். பூவரசில் செவலை படுத்துவிட்டது. இங்கேயே இருக்கட்டும், நாம் போய் எடுத்து வருவோம் என்றேன். "வரும், பொறு" என்றாள். பத்து நிமிடம் இருக்கும். எழுந்தது. இரண்டு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் பூவரசைத் தாண்டியது.

மணல்மேட்டில் கடலைப் பார்த்த சரிவை விட்டு, ஊரைப் பார்த்த சரிவுக்குப் போனாள். ராவணன் மீசைப் புல்லை மிதிக்காமல் சுற்றி வந்து, அடம்பங்கொடி படர்ந்திருந்த ஒரு பள்ளத்தில் நின்று, மேல் மணலைக் காலால் தள்ளி, ஒரு பிடி எடுத்து மூக்கில் வைத்தாள். "இங்கே." நான் உட்கார்ந்து வேகவேகமாகத் தோண்ட ஆரம்பித்தேன். முழங்கை ஆழம் போனதும் கையைத் தட்டிவிட்டாள். "ஆழமாகப் போகாதே, உப்பு ஏறிவிடும். அகலமாகத் தோண்டு."

நான் பாடம் நடத்துகிற விஷயம்தான் இது. கடல் தண்ணீரைவிட மழைத் தண்ணீர் எடை குறைவு, நாற்பதில் ஒரு பங்கு வித்தியாசம். அதனால் மணலுக்குள் இறங்கிய மழை உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடிக்கு உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது கணக்கு. மேலிருந்து ஓர் அடியை உறிஞ்சினால் கீழிருந்து நாற்பது அடி உப்பு ஏறி வரும். தோப்புகளில் மோட்டார் வந்த பிறகு எங்கள் ஊர்க் கிணறுகள் ஒவ்வொன்றாக ருசி மாறிப் போனது இப்படித்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படம் போட்டு இதை விளக்கியிருக்கிறேன். என் கை ஆழமாகத்தான் போனது. பள்ளிக்கூடம் போகாதவள் தட்டிவிட்டுத்தான் அகலமாகத் தோண்டினேன்.

செவலை நாங்கள் அள்ளிப் போட்ட ஈர மணலில் வந்து வயிற்றை அழுத்திப் படுத்தது. நண்டு வளை நினைவு வந்ததோ என்னவோ, முன்னங்காலால் இரண்டு தடவை மணலைப் பறித்தது. அதோடு நிறுத்திக்கொண்டது. பள்ளத்தின் அடியில் மணல் கறுத்தது, பிறகு மினுங்கியது, பிறகு ஓரத்திலிருந்து கசிந்து வந்து ஒரு உள்ளங்கை அளவு நின்றது. அம்மா அதை மொண்டு வெளியே ஊற்றினாள். மறுபடி ஊறியது, மறுபடி வெளியே. மூன்றாவது ஊறலைக் கொட்டாங்கச்சியில் எடுத்து நுனிநாக்கில் வைத்தாள். "குடிக்கலாம். முன்பு மாதிரி இல்லை. குடிக்கலாம்." அந்தச் சிரட்டையைத் தானே நாயிடம் கொண்டுபோய் வாய்க்கடியில் பிடித்தாள். மறு கை அதன் தாடைக்குக் கீழே. குடிக்கக் குடிக்கச் சாய்த்தாள். தீர்ந்ததும் என்னிடம் நீட்டினாள், நான் மொண்டு கொடுத்தேன். ஊறும் வேகத்துக்கு அது குடித்தது, குடிக்கும் வேகத்துக்கு ஊறியது. எட்டு சிரட்டை வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன்.

"உன் அப்பத்தாவும் இப்படித்தான்" என்றாள் அம்மா, நாயைப் பார்த்துக்கொண்டே.

நான் பேசவில்லை.

"குடிப்பாள், போவாள். குடிப்பாள், போவாள். சர்க்கரையாக இருந்திருக்கும், யார் பார்த்தது? நீ ஆறு மாதப் பிள்ளை. எனக்குப் பால் இல்லை. பவுடர் கரைக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் கரைத்தால் துப்பிவிடுவாய். அந்தச் சித்திரையில் ஒரு குடம் ஊற ராத்திரி முழுக்க உட்கார வேண்டும். வீட்டில் அரைக்குடம் இருந்தது." சிரட்டை காலியானது. என்னிடம் நீட்டவில்லை, கையிலேயே வைத்திருந்தாள். "கடைசி வாரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். கிணற்றுத் தண்ணீரைத்தான் கொடுத்தேன்."

"அவர்களுக்குத் தெரியுமா அம்மா?"

"தெரியாமலா? நாற்பது வருடம் ஊற்றுத் தோண்டினவள். நாக்கில் பட்டதுமே தெரிந்திருக்கும். என்னைப் பார்த்தாள். குடித்தாள். கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டாள். மறுபடியும் அதையேதான் கொடுத்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை, குரல் மாறவில்லை. சந்தையில் விலை சொல்வது போலச் சொன்னாள். அப்பத்தா எப்படி இறந்தார் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வயதாகிப் போனார் என்றுதான் எனக்குத் தெரியும். சுவரில் மாட்டிய படத்துக்கு வருடா வருடம் பூ போட்டிருக்கிறேன். அந்த அரைக்குடத்தைக் குடித்து வளர்ந்தவள் நான் என்பது எனக்கு நாற்பத்து நாலாவது வயதில், ஒரு நாய்க்குத் தண்ணீர் கொடுக்கப் போன இடத்தில் தெரிய வந்தது. "உனக்குக் கிடைக்காதது" என்று நான் சொன்னேனே, அந்த வாக்கியத்தில் "உனக்கு" என்ற இடத்தில் அம்மாவை வைத்திருந்தேன். கணக்கில் ஆளை மாற்றிப் போட்டிருக்கிறேன். விடை வந்துவிட்டது என்பதற்காகச் சரிபார்க்காமல் தாளை மூடிவிட்டேன். என் வகுப்பில் இப்படிச் செய்கிற பிள்ளைக்கு நான் என்ன செய்வேன் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குப் புழக்கமில்லை. குடம் நிறைய முக்கால் மணி நேரம் ஆனது. அதை யார் தூக்குவது என்று சண்டை போட்டோம். அவள் பிடுங்கி இடுப்பில் வைத்தாள். அந்தக் காய்ப்பின் மேல் குடம் அச்சில் வார்த்தது போல உட்கார்ந்தது. பூவரசு வரைதான் முடிந்தது. அங்கே எதுவும் சொல்லாமல் இறக்கி என் பக்கம் நகர்த்தினாள். எதிரில் ஆட்டோடு வந்த பெரியவர் நின்றார். "எங்கே டீச்சர், அம்மாவையும் கூட்டிக்கொண்டு?" "தண்ணீருக்கு" என்றேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. அந்த மூன்று மாதத்தில் ஒருவரைத் திருப்திப்படுத்திய ஒரே பதில் அதுதான்.

அடுத்த இரண்டு நாளும் போனோம். மூன்றாம் நாள் அடைமழை பிடித்துக்கொண்டது, அண்டா நிறைந்தது, பள்ளம் சரிந்து மூடிக்கொண்டது. கேன் வண்டியும் வந்துவிட்டது. அதன் பிறகு கிண்ணத்தில் யார் ஊற்றுவது என்ற முறை எங்களுக்குள் இல்லை. நான் பள்ளி விட்டு வரும்போது நிறைந்திருக்கும். செவலை கார்த்திகை பத்தாம் தேதி இரவில் போய்விட்டது. அதற்கு முந்தைய நான்கு நாளும் வாசல்வரை மட்டும் வந்து, படியில் உட்கார்ந்து, பாதையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். நானும் படியில் உட்கார்ந்திருப்பேன். பூவரசின் கீழ் ஈரமண் தோண்டச் சுலபமாக இருந்தது. அங்கே ஆழமாகத்தான் தோண்டினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

நான் இன்னும் ஐந்தரைக்கு எழுந்துவிடுகிறேன், நடக்கப் போவதில்லை. கேன் வண்டித் தம்பி இப்போதும் வாரத்துக்கு மூன்று இறக்கிவிட்டுப் போகிறார். இனி இரண்டு போதும் என்று அவரிடம் சொல்ல வேண்டும். போன சனிக்கிழமை அம்மா வாசலில் நின்று அவருக்குக் காசு எண்ணிக் கொடுத்தாள். சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுருக்குப் பையைப் பிரித்து நூறு ரூபாய்த் தாள் ஒன்றும் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றும் எடுத்தாள். "மூன்றுக்கும் சரியாக இருக்கிறதா பார் தம்பி" என்றாள்.